ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மைதிலி

மைதிலிக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அவளே பேசாமல் இருக்கிறாள், உனக்கென்ன வந்தது என்று கேட்கிறார்கள். எனக்கு வந்தது கோபம், வேறென்ன.

நானும் மைதிலியும் பிரிஸில்லாவும் ஒரே ஆபீஸ். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. மைதிலிக்கு வீடு கோலார் தங்கவயல். காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் ஆபீஸ் பக்கத்துக் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரும்வரை மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன். பாட்டு செய்வாள். டிராக்கர் என்று ஓர் இலவச மென்பொருள். அதில் பாட்டு மேலிருந்து கீழே ஓடும். வாத்தியத்துக்கு ஒரு பத்தி, பத்தி முழுக்கக் கட்டம், கட்டத்தில் எழுதியது ஒலிக்கும். பார்த்தால் எங்கள் பில் மாதிரியே இருக்கும். ஆபீஸ் வேலை போதாதென்று ரயிலிலுமா என்று கிண்டல் செய்வேன்.

அந்த டிராக்கரில் அவளுக்கு ஒரு குறை. எல்லாப் பத்தியும் ஒரே நீளம். அவர்கள் தெருவில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பம்பை ஏழு அடியாகச் சுற்றும், உடுக்கை எட்டு அடியாகச் சுற்றும். பிரிந்தே போய், ஓரிடத்தில் இரண்டும் சேரும்போது சாமி வராதவர்களுக்கும் உடம்பு சிலிர்க்குமாம். இதை எழுத, ஒவ்வொரு பத்தியும் தன் நீளத்தில் தானே சுற்ற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட யோசனைகளை எழுத அந்த மென்பொருளுக்கு இணையத்தில் ஓர் இடம் உண்டு. உருவாக்கியவரே படிப்பார். மைதிலிக்கு இங்கிலீஷ் எழுதத் தயக்கம். பிரிஸில்லா சிட்டிக்குள்ளேயே இருக்கிற காக்ஸ் டவுன்காரி, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு டிராக்கரை அறிமுகம் செய்ததே மைதிலிதான். ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுன்ட் போதும் என்று பிரிஸில்லா தன் மெயிலில் திறந்து, 'அக்கா தங்கச்சி' என்று பெயரும் வைத்தாள். சாப்பாட்டையே ஒரே டப்பாவில் பங்கு போட்டுக்கொள்பவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மதியச் சாப்பாட்டில் மைதிலி தமிழில் சொல்வாள், பிரிஸில்லா இங்கிலீஷில் எழுதுவாள். இது எதற்கு, தேவையில்லை என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் மறுத்தார்கள். மைதிலி ஒவ்வொருவருக்கும் ரயிலில் மாதிரிப் பாட்டு செய்து வந்து பதில் கொடுத்தாள். கடைசியில் உருவாக்கியவர் ஒப்புக்கொண்டார். யோசனை சொன்னவர் பெயரைப் புதிய பதிப்பில் போடுவது அங்கே வழக்கம். மைதிலிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். எங்கள் வரிசை முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

சோதனைப் பதிப்பு வந்தது. அந்த வரியில் பிரிஸில்லா என்று மட்டும் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் முன்பே அவள் அக்கவுன்ட்டின் பெயரைத் தன் பெயராக மாற்றியிருக்கிறாள். பழைய பதிவுகள் எல்லாமும் அவள் எழுதியதாகவே நின்றன.

மைதிலி நேராகப் போய்க் கேட்டாள்.

"மெயில் என்னோடதுதானேக்கா. டைப் பண்ணதும் நான்தான். சவுண்ட் கம்பெனி இன்டர்வியூல காட்டணும். உங்களுக்கு இது சும்மா ஹாபிதானே."

கூசாமல் சொன்னாள். உருவாக்கியவருக்கு எழுது என்று நான் மைதிலியிடம் குதித்தேன். "அங்க இருக்கறதெல்லாம் அவ இங்கிலீஷு. நான் இன்னான்னு போய் சொல்றது?" என்றாள். கூடப் பிறந்தவளாட்டம் நம்பினேனே என்று அப்போதுதான் அழுதாள்.

அடுத்த வாரம் பிரிஸில்லா போனோடு எங்கள் மேசைக்கு வந்தாள். உருவாக்கியவர் அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்: பாட்டு அடுத்த பகுதிக்குத் தாவும்போது பத்திகள் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, விட்ட இடத்திலிருந்து போக வேண்டுமா? அவளுக்குத் தெரியவில்லை. பதில் வராவிட்டால் இந்த வசதியையே எடுத்துவிடுவாராம். கேட்க வந்திருக்கிறாள், மைதிலியிடமே!

சொல்லாதே என்று மேசைக்கடியில் மைதிலியின் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"விட்ட எடத்துலேர்ந்துதான் போவணும். பாட்டு மாறுதுன்னு பம்பைக்காரரு அடிய நிறுத்தி மொதல்லேர்ந்தா ஆரம்பிப்பாரு? எழுதிக்கோ."

பிரிஸில்லா எழுதிக்கொண்டாள். அனுப்பும் முன், முகத்தைப் பார்க்காமல், உங்க பேரையும் சேர்க்கச் சொல்லட்டுமாக்கா என்றாள்.

"வேணாம். உன் பேரு பக்கத்துல என் பேரு இருக்க வேணாம்."