மாலுமியின் விரல் நிறம்

துருவப் பனியில் சிக்கிக்கொண்ட பழைய பாய்மரக் கப்பல் ஒன்றை, ஹிஞ்சேவாடியில் எங்கள் அடுக்குமாடி பிளாட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்துகொண்டிருந்தேன். உறைந்த கயிற்றைப் பிடித்திருக்கும் மாலுமியின் விரல்களுக்கு நிறம் தேட வேண்டியிருந்தது. வெளிறிய சாம்பலில் துளி நீலம் கலந்ததும் திடுக்கிட்டேன். அது அப்பாவின் விரல் நிறம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, இதே நகரத்தின் கட்கிப் பகுதியில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் அப்பாவுக்கு வேலை. சட்டையெல்லாம் அமோனியா வாடை அடிக்கும். பனிக்கட்டிப் பாளங்களைத் தள்ளித் தள்ளி அவர் விரல்களில் உணர்ச்சியே போய்விட்டது. ஒருமுறை கொதிக்கும் டீ கிளாசைப் பிடித்துக் கொப்புளம் கண்டபிறகு, வீட்டில் ஒரு வழக்கம் வந்தது.

"தொட்டுப் பாத்துச் சொல்லும்மா" என்பார்.

நான் கிளாசைத் தொட்டு, "இப்ப குடிக்கலாம்ப்பா" என்ற பிறகே எடுப்பார். எனக்கு அது விளையாட்டு. அம்மா மட்டும் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது என் மகள் தட்டில் டீ கொண்டுவந்து நீட்டினாள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கிளாசை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அரே மம்மி, இப்பதான் கொதிச்சுது! எப்படிப் பிடிச்சிருக்கே?" என்று அலறினாள்.

ஐஸ் பக்கமே போகாத என் விரல்களைப் பார்த்தேன். கிளாசிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.