கூலரும் நாத்தனார் வீட்டுக்காரரும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற வீடு எங்களுடையது. காத்து பட்டால் பாவு இழை காய்ந்து அறுந்துபோகும் என்று தறி ரூம் ஜன்னல்களை என் கணவர் எப்போதும் சாத்தியே வைப்பார். புழுக்கம் தாங்காமல் போன கோடையில் ஒரு ஏர் கூலர் வாங்கினோம்.

அதைப் பார்க்கப் போளூரிலிருந்து நாத்தனார் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. உருப்படியாகத் தெரிந்த விஷயமும் கிடையாது. நான் ஜன்னலைத் திறக்கப் போனதும், "தொறந்து வெச்சிகினு கூலர் போட்டா குளிர்ச்சியெல்லாம் தெருவுக்குப் போயிடும்மா. ஏசி மாதிரி கதவையும் சாத்து" என்றார்.

"ஈரக்காத்து வெளிய போவ வழி வேணாங்களாண்ணா?" என்றேன்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்தார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் மதியம் தறிச் சத்தம் நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியை எடுத்த மாதிரி ஈரப் புழுக்கம் முகத்தில் அடித்தது. கூடச் சேர்ந்து சிரித்த என் கணவர் தறி மேலேயே மயங்கிச் சாய்ந்திருந்தார். ஜன்னல்களைத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் கண் விழிக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

இப்போது கூலர், பாவில் நேராகக் காத்து படாதபடி ஒரு ஜன்னலோரம் இருக்கிறது. எதிர் ஜன்னல் திறந்தே இருக்கும். மழை மூட்டமான நாளில் கூலரில் தண்ணீர் ஊற்றுவதில்லை, வெறும் காத்துதான்.

கூலர் போட்டால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று நாத்தனார் வீட்டுக்காரர் இப்போது போளூர் முழுக்கப் பாடம் எடுக்கிறாராம், தானே கண்டுபிடித்ததுபோல. எங்கள் வீட்டுக்கு வந்தும் எடுத்தார். நான் காபி கொடுத்தேன். என் கணவர் எழுந்துபோய் இன்னொரு ஜன்னலையும் திறந்தார்.