அவசரச் சட்டம் வந்த மாதம்

ஆவடியில், ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் அப்போது குடியிருந்தோம். என் கணவர் அங்கே ஃபிட்டர். அவருடைய அப்பாவும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில்தான். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆறு பிள்ளைகள் எங்கள் ஹாலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருடம் இந்தத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. சங்கங்கள் ஸ்ட்ரைக் என்று முடிவெடுத்தன. என் கணவர் சங்கத்தில் பொறுப்பெல்லாம் வகித்தவரில்லை. தொழிற்சாலை வாசலில் சங்கம் போடும் கேட் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வருகிறவர். அந்த வாரம் மட்டும் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசத் தொடங்கிவிடுவார்.

"எல்லாரும் ஒண்ணா நின்னுட்டா இன்னா பண்ணிடுவாங்க, சொல்லு?"

இரண்டு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது. பாதுகாப்புத் தளவாட வேலையில் ஸ்ட்ரைக் செய்வது குற்றம், தூண்டிவிடுவது குற்றம், பண உதவி செய்வதும் குற்றம். ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்றாலும், பத்துப் பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அதுவும் ஸ்ட்ரைக்தான். விசாரணை வைக்காமலே வேலையை விட்டு எடுக்கலாம். ஜெயிலும் உண்டு. செல்போனில் வந்த ஆங்கில நகலை வரிவரியாகத் தமிழில் அவருக்குப் படித்துச் சொன்னவள் நான். அவர் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும், "சரி, சோறு போடு" என்றார்.

மறுநாள் டியூஷனில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பாவுக்கும் அதே தொழிற்சாலைதான்.

"மிஸ், அவசரச் சட்டம்னா அவசரநிலை வந்துடுச்சா?"

"இல்லம்மா. ரெண்டும் வேற."

பாடத்தில் இருப்பதைச் சொன்னேன். போர், வெளிநாட்டுத் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி, இந்த மூன்றில் ஒன்று வர வேண்டும். மந்திரிசபை எழுத்தில் கேட்ட பிறகுதான் குடியரசுத் தலைவர் தேசிய அவசரநிலையை அறிவிக்க முடியும். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது பேசவும் கூடவும் இருக்கும் உரிமைகளை நிறுத்திவைக்கலாம். அவசரச் சட்டம் என்பது நாடாளுமன்றம் கூடாத நாட்களில் கொண்டுவரும் சாதாரணச் சட்டம்.

அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "அப்ப எங்கப்பா ஏன் மிஸ் வீட்லயே மெதுவாப் பேசுறாரு?" என்று கேட்டாள். பரீட்சைக்கு வராத கேள்வி. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

அதே மாதம்தான் குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. முகப்பேரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து நர்ஸ் போன் செய்தாள். "வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா."

அதிகாரியிடம் அரை நாள் லீவு கேட்கப் போன என் கணவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"அன்னிக்கு ஏற்கெனவே நாலு பேர் லீவு கேட்டிருக்காங்களாம். இன்னும் ஒருத்தர் போட்டா, சேர்ந்து போட்ட மாதிரி ஆயிடும்ன்றாரு. லீவு போட்டவங்க பேர் தினமும் மேல போவுதாம். அந்த மனுசனுக்கே பயம்."

"நீங்க காரணம் சொல்லலையா?"

"சொன்னேன். தலையக் குனிஞ்சுகினாரு."

வியாழக்கிழமை காலையில் சைக்கிளை எடுக்கும்போது, "மதியம் சொல்லாம வந்துடறேன்" என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"வேணாம். விசாரணையே இல்லாம எடுக்கலாம்னு போட்டிருக்கு. உங்களுக்குப் படிச்சுக் காட்டினேனே."

"எனக்கும் பாடம் எடுக்கிறியா?"

"நான் தனியாப் போயிட்டு வந்துடுவேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பிப் போனார்.

"யாரும் வரலையா?" என்று டாக்டர் கேட்டார். "வேலைக்குப் போயிருக்காரு" என்றேன். என் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார். புற்றுநோய்தான், ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மருந்து. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என்ன கேட்க வேண்டுமென்று தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளத்தான் கூட ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் புரிந்தது.

அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். "உள்ள தள்ளி குந்துமா, இன்னும் ஒருத்தரு வரணும்" என்றார் டிரைவர். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி வரைக்கும் வந்தேன். அழவும் இடமில்லை.

ஓவர்டைம் முடிந்து அவர் ஏழு மணிக்கு வந்தார். "இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நெடுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவர் தலையும் சட்டையும் காய்ந்தே இருந்தன. யார் மேல் கோபப்படுவதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. லீவு தராத அதிகாரி நல்லவர். என் கணவரைத் தடுத்தவளோ நான்.

ஸ்ட்ரைக் நடக்கவில்லை. குறித்த நாளில் எல்லாரும் வழக்கம்போல உள்ளே போனார்கள். தொழிற்சாலை கம்பெனியானது. என் ஆபரேஷனுக்குக் கேட்ட லீவை அதே அதிகாரி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்த்தார். அந்தச் சட்டத்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் வேலை போனதாக நான் கேள்விப்படவில்லை. போகவைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அதற்குப் பிறகு என் கணவர் கேட் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். ஏனென்று நான் கேட்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப் வரும். இருபது நாள் முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஒன்பது மணிக்குத் திறக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏழரைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். டாக்டர் பேசும்போது சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். கேள்வி மட்டும் எதுவும் கேட்பதில்லை.