விருந்தாளிக்காகத் துடைத்த கண்ணாடி

ஆய்வு நிலையத்தில் அவளுக்கு ‘மாடியக்கா’ என்று பெயர். மொட்டைமாடியில் நிற்கும் நிறமாலைமானிதான் அவள் பொறுப்பு. வெயிலை உள்ளே வாங்கி, நிறம் நிறமாகப் பிரித்து, புற ஊதாக் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் கருவி அது. அவள் அதற்கென்று படித்தவள் இல்லை. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே பழகிக்கொண்டாள். மேகமில்லாத நாளின் உச்சிவேளையில் அவளை மாடியைவிட்டு இறக்க யாராலும் முடியாது. மகளின் பள்ளி விளையாட்டு விழாக்கள் எல்லாம் நல்ல வெயில் நாட்களாகவே அமைந்து தொலைத்தன. ஒன்றுக்கும் அவள் போனதில்லை.

அப்படிக் காத்த அளவுகளில், வருடத்துக்கு வருடம் கதிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. ஊர்க்காற்றில் புகை ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று இயக்குநர் நம்பினார். பல நிலையங்களின் அளவுகளைச் சேர்த்துவைக்கும் பொதுத் தொகுப்பில் இதையும் ஏற்கலாமா என்று பார்க்க, ஒரு பொறியாளர் ஒப்பீட்டுக் கருவியோடு வருவதாகத் தகவல் வந்தது.

வருகிறவர் கண்ணில் ஒரு குறையும் பட்டுவிடக் கூடாதே என்று முந்தின நாளே அவள் வேலையில் இறங்கினாள். கருவியின் மேல்கண்ணாடியை பிரஷால் தூசி தட்டுவதுதான் வழக்கம். அன்று சாய்ந்த வெயிலில் குனிந்து பார்த்தபோது, பிரஷுக்கு அசையாத ஒரு பழுப்புப் படலம் தெரிந்தது. அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். முடித்தபோது கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை.

பொறியாளர் இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இம்மி பிசகாமல் ஒத்துப்போயின.

“சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்கக்கா.”

“சொந்தப் பிள்ளை காதுல விழுந்தா சண்டைக்கு வருவா சார்,” என்று சிரித்தாள்.

அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். “இதை எப்பத் தொடச்சீங்க?”

“நேத்துதான் சார். நீங்க வர்றீங்கன்னு.”

“அழுக்கா இருந்துச்சா?”

“லேசா ஒரு படலம்.”

“லேசான்னா, எவ்வளவு?”

அதை அவள் அளந்து பார்க்கவில்லை. வாராவாரம் கருவியைச் சோதிக்கும் விளக்கு கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது. அதற்கு அந்த அழுக்கு தெரியவே தெரியாது. துடைக்கும் முன் ஒரே ஒரு முறை அவர் கருவியோடு ஒப்பிட்டிருந்தால், படலம் எவ்வளவு கதிரைத் தின்றது என்று கண்டு, பழைய அளவுகளை ஓரளவு திருத்தியிருக்கலாம். இனி, மங்கியது காற்றா கண்ணாடியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

“தொடச்ச பஞ்சு குப்பைக்கூடையில கிடக்கும் சார்...”

“பஞ்சை வச்சு என்னக்கா பண்றது?” அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. “இன்னியிலேருந்து வர்ற அளவு சுத்தம். பழசுக்கெல்லாம் சந்தேகக் குறிதான் போடணும்.”

கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர் கீழே இறங்கிப் போனார். பின்னால் படியிறங்கியவளுக்கு ஒரு பளீரென்ற பகல் நினைவுக்கு வந்தது. மகள் முதலாவதாக ஓடிவந்த, அவள் பார்க்காத பகல். அன்றைய அளவுக்கும் அதே குறிதான்.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றார். ‘ஆபீஸ் கண்ணாடியத் தொடைக்கிறவளுக்கு வீட்டு ஜன்னல் கண்ணுல படாது’ என்று வருடக்கணக்கில் கிண்டலடித்தவர்.

“உள்ள வந்து வெளிச்சத்தைப் பாரு! இன்னிக்கு உன் நாளாச்சே, நானே எல்லாத்தையும் தொடச்சுட்டேன்.”

அவள் ஜன்னலருகே போய் நின்றாள். “ரொம்ப அழுக்கா இருந்துச்சா?”

“அதை யாரு பாத்தா? போயிடுச்சுல்ல, விடு.”

ஈரம் காயாத கண்ணாடியில் அவள் விரலை வைத்தாள்.

“வாளித் தண்ணிய என்ன பண்ணீங்க?”

“கொட்டிட்டேன். ஏன்?”