பின்சீட்டுக் கம்பி

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு கம்பி உண்டு. வண்டியோடு வந்ததல்ல. சீட்டின் இரண்டு பக்கமும் வளைந்து வந்து, சின்னப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் நிற்கும். வழுக்காமல் இருக்க அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கும். வெயிலில் அந்த ரப்பர் இளகி உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும். பள்ளி நோட்டில் என் விரல் தடங்கள் இருந்ததற்குக் காரணம் அதுதான். வண்டி இரண்டு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழையதை விற்கும் முன் கம்பியை மட்டும் அறுத்தெடுத்துப் புது வண்டியில் பற்றவைத்துவிடுவார். அவர் வெல்டர், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவர் என்று நான் சொல்வது என் அம்மாவின் இரண்டாவது வீட்டுக்காரரை. என்னைப் பெற்றவர் காசிமேட்டில் விசைப்படகில் போய்வந்தவர். எனக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன். அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய் என்னைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கம்பெனியின் கேட்டைப் பற்றவைக்க வந்தவர்தான் இவர். குப்பத்தில் என்னென்னவோ பேசினார்கள். பேசினவர்கள் யாரும் எங்களுக்கு ஒருவேளைக் கஞ்சி ஊற்றவில்லை என்பதால் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிந்து எர்ணாவூரில் அவர் வீட்டுக்குக் குடிபோனோம். ஆனால் ராயபுரத்தில் நான் படித்த பள்ளியை மாற்ற அம்மாவுக்கு மனமில்லை. அதனால் தினமும் காலையில் அவர் வண்டியில், கடலோரச் சாலை வழியாக, நான் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று.

பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப் போவதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை நேரத்தில் எங்கள் பக்கம் எந்தப் பள்ளி வாசலிலாவது நின்றால் போதும். கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்கின்மேல், தானே ஓட்டுகிற நினைப்பில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும். அதற்கு மூத்தது அப்பனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வரும். பைகள் இரண்டு பக்கமும் தொங்கும். சாயங்காலம் தூங்கி விழுகிற பிள்ளையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு போகிற அம்மாக்கள் உண்டு. வலது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் குறைவு. எனக்கும் உண்டு. இப்படிப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விஷயம், முன்னால் இருப்பவரை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். சட்டையைக் கொத்தாகப் பிடிப்பார்கள், முதுகில் கன்னத்தை வைத்துக்கொள்வார்கள்.

நான் பிடிக்கவில்லை. எனக்கு ஏழு வயது, உடம்பு முழுக்கத் திமிர். அம்மா அவரை அப்பா என்று கூப்பிடச் சொன்னாள். அதைச் செய்யவில்லை. மாமா என்றும் கூப்பிடவில்லை. எதுவும் கூப்பிடாமலே ஒரு ஆளோடு ஒரே வீட்டில் இருந்துவிட முடியும் என்று அப்போது கண்டுபிடித்தேன். எதிரில் போய் நின்றால் போதும், அவரே என்ன என்று கேட்பார். வண்டியில் அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு, பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைந்தபடி உட்கார்ந்து போனேன். மேடு பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போடும். கை வலிக்கும். வலித்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

அவர் ஒரு வாரம் இதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். என்னைப் புட்ச்சிக்கோ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது இந்தக் கம்பி இருந்தது. என்னைத் தூக்கி உட்காரவைத்து, கை எட்டுகிறதா என்று பார்த்தார். "இத்தப் புட்ச்சிக்கோ. கை வலிக்காது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கடலோரச் சாலையில் அந்த நாட்களில் டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் கிடைத்த சந்தில் மோட்டார் சைக்கிள்கள் நெளிந்து போகும். ஒரு மழைக்காலக் காலையில் அப்படி ஒரு சந்தில் எல்லாரும் நின்றுவிட்டோம். முன்னால் ஏதோ லாரி பழுது. அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். என் தண்ணீர் பாட்டில் கையிலிருந்து நழுவி, பக்கத்து லாரியின் முன்சக்கரத்தருகே உருண்டது. அவரிடம் சொல்ல வேண்டுமென்றால் ஏதாவது கூப்பிட வேண்டும். அதனால் சொல்லாமலே இறங்கினேன். குனிந்து பாட்டிலை எடுத்து நிமிர்வதற்குள் முன்னால் வழி விட்டுவிட்டது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அவர் கிக்கரை உதைத்தார், போய்விட்டார்.

அந்தக் கட்டம் போட்ட சட்டை முதுகு தூரமாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்த வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? அப்பா என்று வரவில்லை, மாமா என்றும் வரவில்லை. அவர் பேரைச் சொல்லிக் கத்தலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கத்துவதற்கு ஒரு வார்த்தை இருந்தது, எனக்கு இல்லை.

லாரி டிரைவர் மேலிருந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு இறங்கி வந்தார். கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாலை நடுவிலிருந்த சுவரோரமாக நிறுத்தினார். "யாரும்மா உன்ன இட்டாந்தது?" என்று கேட்டார். "எங்கம்மா வூட்டுக்காரு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தன் லாரிக்குப் பின்னால் நூறு லாரி ஹாரன் அடிப்பதைப் பொருட்படுத்தாமல், என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வண்டியில் போன அவர் பள்ளி வாசல் வரை போய்விட்டார் என்பது பின்னால் தெரிந்தது. வண்டியை நிறுத்தி "எறங்கு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் பதில் பேசாதவள் என்பதால் சத்தம் இல்லாதது புதிதாகத் தெரியவில்லை. அவரைப் பிடிக்காதவள் என்பதால் பிடி விட்டுப்போனதும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்ததும் எதிர்ப்பக்கமாகவே சந்துகளில் புகுந்து வந்தார். ஒரு பக்கக் கண்ணாடி எங்கோ மோதி உடைந்து தொங்கியது. வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கால், கை, தலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொடவில்லை. தொட்டால் நான் விலகுவேன் என்று அந்த நேரத்திலும் அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

"கீறியா?" என்றார்.

கண் முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து இருக்கிறாயா என்று கேட்பது வேடிக்கைதான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. "கீறேன்" என்றேன். அவரிடம் நான் மனதாரச் சொன்ன முதல் பதில் அது. அதற்கு அப்பாவும் வேண்டியிருக்கவில்லை, மாமாவும் வேண்டியிருக்கவில்லை.

டிரைவர் விடவில்லை. "கொயந்தய நடுரோட்ல உட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?" என்று எல்லாரும் கேட்கக் கத்தினார். நான் பெத்த அப்பன் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான், தப்பித்தும் போயிருக்கலாம். "தப்புதாண்ணே. கவனிக்காம பூட்டேன்" என்று கையைக் கூப்பினார். அதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தைக்காக அவரை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. ஆனால் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா வீட்டை இரண்டாக்கினாள். "அந்தக் கம்பிய மொதல்ல அறுத்துப் போடு. உன்னப் புட்ச்சிக்கினு குந்தட்டும். அப்பதான் புள்ள பின்னால கீதா இல்லியான்னு தெரியும்."

"வோணாம்" என்றார் அவர். "அதோட கையி. எத்தப் புடிக்கணும்னு அதுதான் பாக்கணும். நான் கேட்டுக்கினே போறேன்."

சொன்னபடி கேட்டார். மறுநாளிலிருந்து வண்டி எடுக்கும்போது, சிக்னல் விழுந்து கிளம்பும்போது, வேகத்தடை தாண்டியதும், தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்து "கீறியா?" என்பார். நான் "கீறேன்" என்று சொன்னால்தான் வண்டி நகரும். கோபமாக இருக்கிற நாளில் வேண்டுமென்றே தாமதம் செய்வேன். பின்னால் ஊரே ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார். பெரிய வகுப்புக்கு வந்த பிறகு தோழிகள் முன்னால் மானம் போயிற்று. என்னைக் காட்டி, அவளுடைய அப்பாவுக்குக் காது கேட்காது என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். அவளுடைய அப்பா என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை. பிறகு கல்லூரிக்கு ரயிலில் போனேன், வேலைக்குப் போனதும் சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கினேன். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது என் மகனுக்கு ஆறு வயது. என் கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, எனக்கு ராயபுரத்தில் கண்டெய்னர் ஏஜென்சி ஆபீஸ். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, அன்று என்னைக் கொண்டுபோய் விட்ட அவர் பொறுப்பு. காலம் மாறிவிட்டது. பிள்ளையையும் ஓட்டுபவரையும் சேர்த்துக் கட்டுகிற பெல்ட் கடையில் விற்கிறது. அதை வாங்கிவந்தேன், சின்ன ஹெல்மெட்டும் வாங்கினேன். இரண்டும் இல்லாமல் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். அவர் கொக்கியை மாட்டிப் பழகினார், இழுத்து இழுத்துப் பார்த்தார். மகனோ பெல்ட் போதாதென்று அவரைக் கட்டிக்கொண்டு முதுகில் முகத்தை வைத்துக்கொள்கிறான். கம்பியை அவன் தொடுவதே இல்லை. முதல்நாள் மாடியிலிருந்து அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன வாரம் சாப்பிடும்போது மகன் புகார் சொன்னான். "ம்மா, பெல்ட் போட்டுத்தானே கட்டிக்கீறாரு? நான் எங்க பூடுவேன்? தாத்தா சும்மா சும்மா கீறியா கீறியாங்குறாரு." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "கேட்டா பதில் சொல்லு" என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

நேற்று ஆபீசுக்குத் தாமதமாகக் கிளம்பினேன். கடலோரச் சாலையில் வழக்கம்போல நெரிசல். எனக்கு முன்னால் சற்றுத் தள்ளி அவர் வண்டி நின்றது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போகிறார். நான் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. கழுத்து வலி வந்ததிலிருந்து அவரால் முழுசாகத் திரும்ப முடியாது. பின்சீட் காலி. பெல்ட்டின் கொக்கி பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி என் கண்ணுக்கு நேராக இருந்தது. டியூப் புதிதாகச் சுற்றியிருந்தார், பிடிக்க யாரும் இல்லாத கம்பிக்கு.

முன்னால் வழி விட்டது. அவர் தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்தார்.

"கீறியா?"

பதில் வரவில்லை. அவர் கிளம்பவில்லை. மறுபடி கேட்டார், இந்தமுறை சத்தமாக. இடதுகை பின்னால் வந்து சீட்டைத் தடவியது. சீட்டில் யாரும் இல்லை. கை கம்பியைப் பிடித்தது. முதுகு அப்படியே விறைத்துப்போனது. பிள்ளையைப் பள்ளியில் விட்டது அந்த ஒரு நொடியில் அவர் நினைவில் இல்லை. அன்றைக்குப் பள்ளி வாசலில் அவர் எப்படி நின்றிருப்பார் என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை, இப்போதுதான் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "கீறேன்" என்று கத்தினேன்.

அவர் தோள் இறங்கியது. யார் சொன்னது என்று பார்க்கவில்லை. கையைக் கம்பியிலிருந்து எடுத்து, கிக்கரை உதைத்து, வண்டியை எடுத்தார். காசிமேடு திருப்பம் வரை அவர் பின்னாலேயே போனேன்.