எருமை எங்கே இறங்கியது

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பொறுப்பேற்ற அன்று நான் செய்த முதல் வேலை, சிறுவர் பீரோவுக்குப் பூட்டு வாங்கியது. பழைய கிளையில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் வந்தபோது, கிழிந்த புத்தகங்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகள்தான் கிழிக்கிறார்கள் என்பது என் முடிவு. எனவே பூட்டு. கண்ணாடிக் கதவு வழியாகப் புத்தகங்களின் முதுகு மட்டும் தெரியும். பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவேன். பார்க்காத புத்தகத்தின் பெயரைக் குழந்தை எப்படிச் சொல்லும் என்று நான் யோசிக்கவில்லை. பெயர் தெரியாதவர்களிடம் வகுப்பைக் கேட்டு, எனக்குத் தோன்றியதைக் கொடுப்பேன்.

"சார், உங்க குழந்தைங்க செக்‌ஷன் மட்டும் அப்படியே புதுசா இருக்கு" என்பார் ஆய்வுக்கு வரும் அதிகாரி. எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தோணி ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு. தம்பி இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நால்வரும் சேர்ந்தே நூலகத்துக்கு வருவார்கள்.

"பீரோவத் தொற சார். பசங்க பாத்து எடுக்கட்டும்" என்றார் அந்தோணி, முதல் நாள்.

"அப்படியெல்லாம் தொறக்க முடியாதுங்க. பாப்பா எத்தனாவது?"

நீதிக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறு ஞாயிறே திரும்பி வந்தது.

"படிச்சியாம்மா?" என்று கேட்டேன். ஜெனி அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள்.

"இன்னா சார், டாக்டரு மாத்திர குடுக்குற மாரி குடுக்குற? மூணு வேள முழுங்கணுமா?" என்றார் அந்தோணி.

ஸ்டெல்லா அவரை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் சார் படிக்க வருது. கிளாஸ்ல சிரிக்கிறாங்கன்னு வாயே தொறக்க மாட்டேங்குறா. அதான் சாப்ட்டதும் செல்போன எடுத்து வெச்சிட்டு, நாலு பேரும் ஒரே புக்க சுத்தி உக்காருவோம். நான் படிப்பேன், இவரு கொரல் குடுப்பாரு. நாலு பேருக்கும் புடிச்சாதான் சார் அது ஓடும்."

"குடும்பத்துக்குன்னு தனியா புக்கு கிடையாதும்மா" என்றேன்.

ஒரு ஞாயிறு, பூச்சி உருண்டை வைப்பதற்காகப் பீரோவைத் திறந்திருந்தேன். யாரோ கூப்பிட்டதால் முன் மேசைக்குப் போய்த் திரும்பினால், நால்வரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் புத்தகங்கள். ஸ்டெல்லா ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் படித்தார். ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் அது ஓரமாகப் போனது. தம்பி ஒன்றை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். அட்டையில் ஓர் எருமை பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"டேய் நைனா, உங்க மாமாவாட்டமே கீதுடா!" என்றார் அந்தோணி மகனிடம்.

"எங்க அண்ணன இழுக்காம உங்களுக்குப் பொழுது போவாதே" என்றார் ஸ்டெல்லா.

அந்தோணி எருமை போலக் கத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஜெனி புத்தகத்தை மடியில் வைத்து, வரியில் விரலை ஓட்டத் தொடங்கியிருந்தாள். "எரு... மை... டிக்... கெட்... கேட்டது." ஸ்டெல்லா கணவரின் கையை அழுத்தி அமைதியாக்கினார். "கண்... டக்டர்... எங்கே..."

அடுத்த படத்தைப் பார்க்கும் அவசரத்தில் தம்பி இழுத்தான். பக்கத்தின் மூலை கிழிந்தது.

நான் ஜெனியின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். "கூட்டிப் படிக்கவே தெரியல, உங்களுக்கெல்லாம் எதுக்கு புக்கு?" என்று கத்தினேன். அந்தோணி சட்டென்று எழுந்தார். ஸ்டெல்லா அவரைத் தடுத்து அழைத்துப் போனார். ஜெனி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனாள்.

பிறகு அவர்கள் வரவில்லை. சில மாதம் கழித்து கரையான்சாவடியில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவை ஓட்டியவர் அந்தோணி. மற்றவர்கள் இறங்கிய பின் பேசினேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. பாப்பாவ கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டா சார். புக்கக் கண்டாலே கையப் பின்னால கட்டிக்கிறா." என்றார். "ஆனா அந்த எரும எங்க எறங்குச்சின்னு மட்டும் கேட்டுகினே கீறா. நீ சொல்லு சார், ஊட்ல போய் சொல்றேன்."

எனக்குத் தெரியவில்லை. அத்தனை காலம் பூட்டிக் காத்த அந்தப் பீரோவில் ஒரு புத்தகத்தைக்கூட நான் படித்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ" என்றார்.

மறுநாள் கிழிந்த மூலையை ஒட்டினேன். நின்றபடியே கதையைப் படித்து முடித்தேன். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ப் புத்தகத்தை அந்தோணியிடம் கொடுத்தேன். பீரோவின் பூட்டை எடுத்துவிட்டு, முன்னால் ஒரு பாயைப் போட்டேன்.

புத்தகத்தைத் திருப்பித் தர அவர் மகனோடு மட்டும் வந்தார்.

"ஸ்டெல்லா படிச்சா. ஜெனி மட்டும் கிட்டக்க வரல சார். அடுப்பாண்டயே நின்னு கேட்டுகினு இருந்தா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

நான் ஓய்வு பெறும் வரை ஜெனி நூலகத்துக்கு வரவில்லை. இப்போது அவள் படிக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தைக் கலைத்தால், கலைக்க விடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அவர்கள் எடுத்துப் போகும் புத்தகத்தை நீங்களும் ஒருமுறை படித்து வையுங்கள். யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.