கண்ணாடி ஏறும் வரை

தென்காசி ஷெட்டில் மெக்கானிக் என் பழைய வேனின் இடது கதவைப் பிரித்துப்போட்டிருந்தார். உள்ளேயிருந்து கண்ணாடியை ஏற்றும் மோட்டாரை எடுத்தபோது ஈரத்துருவும் பழைய கிரீஸும் கலந்த வாசனை வந்தது.

"மாத்திருவோம் அண்ணாச்சி. இது ஏறுததுக்குள்ள நீங்க இலஞ்சிக்குப் போயிட்டு வந்திரலாம்."

சிரித்தேன். ஆனால் அந்த வாசனை என்னைக் குற்றாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

வேன் அப்போது இசக்கியுடையது. நான் பத்திரிகை நிருபர். அவன் எங்களுக்குப் படம் எடுத்துத் தருபவன். நிரந்தர வேலை இல்லை. சீசனில் முதல் தண்ணீர் விழும் படத்தை மற்ற பத்திரிகைகளுக்கு முந்தித் தந்தால் வேலையில் சேர்த்துக்கொள்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் வேனை நான் ஓட்ட, நாங்கள்தான் முதலில் போய் நின்றோம். இசக்கி படங்களை எடுத்து, பிலிம் ரோலை டப்பாவில் போட்டு இடது சீட்டில் வைத்தான். மதுரை பஸ்ஸில் அனுப்ப வேண்டும். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

"முதத் தண்ணி வே. தலைய காட்டாம போனா விளங்குமா?"

தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டபடியே துண்டோடு ஓடினான். நான் என் பக்கத்து சுவிட்சை அழுத்தி அதை ஏற்றினேன். அது ஊர்ந்தது. எனக்கும் அருவி அவசரம், சாவியை உருவினேன். மேலே ஒரு சாண் இடைவெளியோடு கண்ணாடி நின்றுவிட்டது. பார்த்துவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது வேன் கூரையில் ஒரு குரங்கு உட்கார்ந்து, பூக்காரி அளப்பதுபோல் பிலிமை முழம் முழமாக வெயிலில் இழுத்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடிய ஏத்தாம ஓடிட்டனே!" என்று இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். நான் பேசவில்லை. வெளிச்சம் பட்ட பிலிமில் ஒரு படமும் தேறவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

துபாய்க்குக் கிளம்பும்போது வேனை என்னிடம் விற்றான். சாவியை என் கையில் வைத்துச் சொன்னான்: "கண்ணாடி முழுக்க ஏறுன பொறவு சாவிய எடும், வே."

படக்காரன் கண். தான் இறக்கிவிட்டுப் போன கண்ணாடி முக்கால்வாசி ஏறி நின்றதை அவனும் பார்த்திருக்கிறான். அன்றும் நான் பணத்தை மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.

"பாத்தியளா!" என்றார் மெக்கானிக். புது மோட்டாரில் கண்ணாடி ஒரே மூச்சில் ஏறியது.

இப்போது முதல் தண்ணீர் விழுந்தால் நாம் குற்றாலம் போய்ச் சேருமுன் எல்லார் செல்போனிலும் வந்துவிடுகிறது. ஷெட்டில் நின்றபடியே இசக்கியின் துபாய் எண்ணை அழைத்தேன். எடுத்தவர் மலையாளத்தில் பேசினார். இந்த எண் அவருக்கு வந்து மூன்று வருஷமாகிறதாம்.